சேலத்தில் இருந்துகொண்டு ஓவியத்துக்கு விஷயம் தேடுவது எப்படி?

கேட்டவர் சேலத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே வாட்டர்கலரும் அக்ரிலிக்கும் பழகும் ஓர் இளைஞர். அவர் கேள்வியின் சாரம் இது: "ஓவியர்களின் பேட்டிகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். எல்லோரும் இயற்கை, குழந்தைப் பருவம், மௌனம் என்றே சொல்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் நான் என்ன செய்வது? ஏற்காட்டை எத்தனை தடவை வரைந்தாலும் வாழ்த்து அட்டை மாதிரியே வருகிறது. ஒரு யோசனைக்கும் முடிந்த படத்துக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? சென்னைக்குப் போனால்தான் வழி பிறக்குமா? இதற்கிடையில் ஒரு குழுக் கண்காட்சிக்கு என் தூண்டுதலைப் பற்றி எழுதித் தரச் சொல்கிறார்கள்."

தம்பி, முதலில் பேட்டி விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஓவியர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகைப் பேச்சு வரும். "இது எங்கிருந்து வந்தது" என்பது ஒன்று. "அடுத்து நான் என்ன செய்தேன்" என்பது இன்னொன்று. முதல் வகையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் படம் முடிந்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டிய பிறகு யாரோ கேட்டதற்காகத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் பதில். கற்றுக்கொள்கிறவருக்கு அதில் பிடிமானம் கிடைக்காது. இரண்டாவது வகைப் பேச்சு வரும் இடத்தில் பென்சிலை எடுத்து அடிக்கோடு போடுங்கள்.

இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தை மட்டும் சின்னச் சின்ன எண்ணெய் வண்ணப் படங்களாகத் தீட்டினார். பலவற்றின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்று எந்தத் திசை என்று எழுதி வைத்திருக்கிறார். மேகம் என் மனதை உருக்கியது என்று எழுதவில்லை. எந்தக் காற்றில் எந்த மேகம் வருகிறது என்று தெரிந்துகொள்ள முயன்றிருக்கிறார்.

டச்சு ஓவியர் வான் கோ தன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் அவருடைய மனவேதனையைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே கடிதங்களில் தாள், மை, வண்ணத்தின் விலை, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்ற பேச்சு பக்கம் பக்கமாக இருக்கிறது. 1882இல் ஹேக் நகரில் இருந்தபோது, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய ஒரு சட்டத்தைச் செய்துகொண்டு, அதைத் தரையில் நட்டு, அதன் வழியே பார்த்து வரையும் முறையைக் கடிதத்திலேயே படம் போட்டுக் காட்டுகிறார். அளவு பிடிபடவில்லை என்றால் கருவி செய்துகொள்கிற மனிதர் அவர்.

பிரெஞ்சு ஓவியர் செசான் 1906 செப்டம்பரில், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆற்றங்கரையில் இருக்கிறேன், இடம் மாறாமல் கொஞ்சம் வலப்பக்கமும் கொஞ்சம் இடப்பக்கமும் திரும்பினாலே மாதக்கணக்கில் வேலை இருக்கிறது என்பது அதன் கருத்து. இத்தனைக்கும் அதற்குள் அவர் தன் ஊருக்குப் பக்கத்துச் சான்த் விக்தோர் மலையை ஆண்டுக்கணக்கில் வரைந்து தள்ளியிருந்தார்.

இவர்களிடம் நான் காண்பது ஒன்றைத்தான். ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். இந்தக் காற்றில் மேகத்தின் அடிப்பாகம் என்ன நிறம்? இந்த மலையின் ஓரம் வானத்தில் எங்கே கரைகிறது? நாம் பெரிய வார்த்தையில் தூண்டுதல் என்று சொல்வது, என் அனுபவத்தில், இந்த மாதிரி ஒரு கேள்வி கையில் இருப்பதுதான். கேள்வி இருந்தால் கோரிமேடு போகும் பஸ்ஸில் உட்கார்ந்தும் வேலை நடக்கும். இல்லாவிட்டால் பாரிஸில் இறங்கினாலும் செல்பிதான் எடுப்போம்.

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். அங்கே போய் நாம் வரைவது என்ன? ஏரியும் படகும், லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் வளைந்த சாலை, பகோடா பாயின்ட். இவை பார்வையாளருக்காக ஏற்கெனவே தேர்ந்தெடுத்துக் கம்பி வேலி போட்டுக் கொடுத்த காட்சிகள். அந்த வேலிக்குப் பின்னால் நின்றால், அந்த இடத்தைத் தேர்ந்தவர் பார்த்ததுதான் நமக்கும் தெரியும். படம் அட்டை மாதிரி வருவதற்கு உங்கள் கை காரணம் இல்லை, நின்ற இடம்தான் காரணம்.

இன்னொரு காரணம் போன். நீங்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். போன் கேமராவின் சாதாரண லென்ஸ் அகலமான கோணத்தில் பார்ப்பது. அதனால் தூரத்து மலை சுருங்கிப் போய், பக்கத்துத் தார்ச்சாலை பெரிதாகிவிடும். நேரில் நம்மை அடிக்கிற மலை படத்தில் ஒரு மேடு. அதோடு வானத்துக்கு வெளிச்சம் சரிசெய்தால் மலை கறுத்துவிடும், மலைக்குச் சரிசெய்தால் வானம் வெளுத்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகிறது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்து நேர்மையாக வரைந்தால் நேர்மையாகவே தப்பு வரும். கை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, மலையின் உயரம் எத்தனை பென்சில் என்று நேரில் அளந்து ஒரு கோட்டுப்படம் போட்டுக்கொண்டு வாருங்கள். போன் படத்தை இலை வடிவம், கல் வடிவம் மாதிரி விவரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மலை வரைகிறவர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் சீனத்தின் குவோ ஷி. 11ஆம் நூற்றாண்டு ஓவியர். அவர் சொல்லிவைத்த ஒரு யோசனை ஏற்காட்டுக்கென்றே சொன்னது போல இருக்கும். மலையை உயரமாகக் காட்ட வேண்டுமென்றால் அடி முதல் முடி வரை முழுக்க வரைந்தால் உயரம் வராது, இடுப்பில் மூடுபனியைச் சுற்றி நடுப்பகுதியை மறைத்தால்தான் உயரும் என்கிறார். நவம்பர், டிசம்பர் காலைகளில் அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பாருங்கள், அப்படியே இருக்கும். அடிவாரத்து மரங்கள் தெளிவாக, நடுவில் ஒன்றுமில்லாமல், மேலே ஒரு முகடு மட்டும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேலத்திலிருந்து பார்த்தால் நமக்கும் அதற்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறோமே, அந்த உயரம் படத்தில் வரவே இல்லை என்றால், நாம் எல்லாவற்றையும் காட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

மூடுபனி பற்றி ஒரு வார்த்தை. அதைத் தனியாக ஒரு வெள்ளைப் பொருளாக நினைத்து, மலை வரைந்து முடித்தபின் மேலே வெள்ளை வண்ணம் தடவுகிறார்கள். பஞ்சு ஒட்டியதுபோல் ஆகிவிடும். பனி வந்தால் நடப்பது என்ன? மரத்துக்கும் அதன் பின்னால் உள்ள வானத்துக்கும் இருக்கும் கருமை வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது. பத்தடியில் இருக்கும் மரம் கறுப்பு, முப்பதடியில் சாம்பல், அதற்கப்பால் ஒரு நிழல், அதற்கப்பால் இல்லை. ஆகவே பனியை வரைவதென்றால் மரங்களை வரிசையாக மங்கவிடுவதுதான். ஏரிக்கரையை விட்டுவிட்டு ஒரு காபித் தோட்டத்தின் ஓரத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, நின்று பாருங்கள். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும், அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தூரத்துக்குத் தூரம் மங்குவதைப் படிக்க இதைவிட நல்ல பாடசாலை நம் மாவட்டத்தில் இல்லை. கோடை மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் காபி பூக்கும். சில நாட்கள்தான் நிற்கும். கரும்பச்சை இலைமேல் அந்த வெள்ளை ஒரு தனிப் பாடம்.

வெளிச்சத்தின் நேரத்தையும் கவனியுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை நகரத்துக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் இருக்கிறது. நாம் பார்ப்பது அதன் தெற்கு முகம். சேலம் சுமார் 11.7 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். அப்போது மலையின் மடிப்புகள் தட்டையாகிவிடும், நீலமாக ஒரு சுவர். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே தாழ்ந்து வருவதால் அதே முகத்தில் வெயில் சரிவாக விழும். ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழுந்து வரும். காலையில் நிழல் மேற்கே விழும், மாலையில் கிழக்கே. மே மாதம் கோடை விழாவுக்குப் போய் மதியத்தில் உட்கார்ந்து வரைந்தும் மலை சரியாக வரவில்லையே என்று வருந்தினால், வருந்த வேண்டாம், அந்த மாதமும் அந்த நேரமும் அப்படி. அப்போது தோட்டத்துக்குள் போய் மரங்களை வரையுங்கள்.

ஆனால் ஏற்காட்டோடு நின்றுவிடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்களுக்கு ஒரு கேள்வியை நான் கடனாகத் தருகிறேன். சேலத்தில் எத்தனை வெள்ளை இருக்கிறது?

மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லில் தொடங்குங்கள். நகரத்துக்கு வடமேற்கே, மேக்னசைட் ஜங்ஷன் ரயில் நிலையம் இருக்கும் பக்கம், கரட்டு நிலத்தில் கரும்பச்சைப் பாறையைப் பிளந்துகொண்டு வலைபோல் ஓடும் வெள்ளைக் கல் நரம்புகள். வெட்டிக் குவித்த இடங்களில் வெயில் பட்டால் கண் கூசும். சுரங்கப் பகுதிக்குள் போக வேண்டாம், ஆபத்து, அனுமதியும் வேண்டும். சாலையிலிருந்து பார்த்தாலே போதும். அந்தக் குவியலின் நிழல் பக்கம் என்ன நிறம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் என்று மூளை சொல்லும். கண்ணை அரைவாசி மூடிப் பாருங்கள். மேல்நோக்கிய நிழல் பகுதியில் வானத்தின் நீலம் இருக்கும். கீழ்நோக்கிய பகுதியில் நம் செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஏறி, லேசான காவி இருக்கும். ஒரே கல்லின் நிழலில் நீலமும் காவியும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1868–69 குளிர்காலத்தில் பனி மூடிய வேலியின்மேல் ஒரு பறவை உட்கார்ந்திருப்பதைத் தீட்டியபோது பனியின் நிழலை நீலமாகப் போட்டார். பாரிஸின் அரசுக் கண்காட்சி அந்தப் படத்தை ஏற்கவில்லை. அவர் பனியில் கண்டதை நாம் சுடுவெயிலில் காணலாம், பௌதிகம் ஒன்றுதான்.

அடுத்தது ஜவ்வரிசி. சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைகளின் களத்தில் காய வைத்திருப்பதைப் பாருங்கள். குச்சிக்கிழங்குப் பாலிலிருந்து தெளிந்து இறுகிய மாவு, ஈரமாக இருக்கும்போது ஒரு வெள்ளை, காய்ந்தபின் வேறு வெள்ளை. தரையில் பரப்பி, கோடு கோடாக இழுத்துவிட்ட களத்தில் அந்தக் கோடுகள் எல்லாம் மெல்லிய நிழல்கள். நடுவில் ஓர் ஆள் நடந்தால் அவர் உடல் முழுக்கக் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும். தாடையின் அடிப்பக்கம், மூக்கின் அடிப்பக்கம் எல்லாம் ஒளிரும். முகத்துக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நாம் பாடமாக்கி வைத்திருப்பதை அந்தக் களம் ஒரே நிமிடத்தில் தலைகீழாக்கும்.

செவ்வாப்பேட்டைப் பக்கத்து வெள்ளிப் பட்டறை இன்னொரு உலகம். கொலுசு என்றால் பளபளப்பு என்று நினைப்போம். நெருப்பில் காய்ச்சி அமிலத்தில் போட்டு எடுத்த வெள்ளி பளபளக்காது. பாலிஷ் ஏறும்வரை அது மங்கிய, சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்மை. பாலிஷ் போட்டபிறகு அதற்கு நிறமே கிடையாது, சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். பச்சைச் சுவர் பக்கம் பச்சை, சட்டைப் பக்கம் சட்டை நிறம். அதை வரையச் சாம்பல் வண்ணத்தையோ, கடையில் விற்கும் வெள்ளி வண்ணத்தையோ எடுக்காதீர்கள். ஆழ்ந்த கறுப்புக்கு ஒட்டியே தாளின் சுத்த வெள்ளையை, நடுவில் மென்மையாக்காமல், கூர்மையான ஓரத்தோடு விடுங்கள். பளபளப்பு என்பது அந்தத் திடீர் மாற்றம்தான். இதைத் தெரிந்துகொண்டால் பித்தளைக் குடம், நனைந்த சாலை, கண்மணி எல்லாம் கைவரும்.

வெண்பட்டு வேட்டியும் இருக்கிறது. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஓவியருக்கு அதில் விஷயம் மடிப்பு. பருத்தி வேட்டியின் மடிப்பில் நிழல் மெல்ல இறங்கும். பட்டில் மடிப்பின் முதுகில் ஒரு கீற்று மின்னி, உடனே இறங்கிவிடும், நிழலுக்குள் இளமஞ்சள் சூடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு வரைந்தால், பெயர் எழுதாமலே எது பட்டு என்று பார்க்கிறவர் சொல்ல வேண்டும்.

வண்ணப் பக்கத்தில் சில குறிப்புகள். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள். அதை எங்கே தொடாமல் விடுவது என்று முடிவு செய்த பிறகுதான் தூரிகையை நனைக்க வேண்டும். நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்து வைத்துக்கொண்டால், நீலம் தூக்கலாகவும் காவி தூக்கலாகவும் நகர்த்தி மேலே சொன்ன எல்லா நிழலையும் பெறலாம். அக்ரிலிக்கில் டைட்டானியம் வெள்ளை வலுவானது, அடியில் இருப்பதை மூடிவிடும். அதை எல்லா நிறத்திலும் கலந்தால் படம் முழுக்க வெளிறிப்போகும். ஜிங்க் வெள்ளை ஊடுருவித் தெரியும், பனிக்கும் பட்டுக்கும் அது நல்லது. நம் சித்திரை வெயிலில் தாள் நினைப்பதற்குள் காய்ந்து, பரப்பிய நீர் ஓரம் கட்டிவிடும். தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்து, அதிகாலையில் வேலை செய்யுங்கள். மலைமேல் பனியில் இதற்கு நேர்மாறு. ஒரு பூச்சு காயக் காத்திருந்தே பொழுது போகும். அங்கே பென்சிலும் கொஞ்சம் வண்ணமும் போதும்.

யோசனைக்கும் முடிந்த படத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். வெளியில் வரைந்ததை வெளியிலேயே முடிக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. மோனே பிரான்சின் ரூவான் நகரத் தேவாலயத்தை 1892, 1893 ஆண்டுகளின் தொடக்க மாதங்களில் அதன் எதிரே இருந்து, வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றி மாற்றித் தீட்டினார். பிறகு ஊருக்குக் கொண்டுபோய் வீட்டு ஓவியக்கூடத்தில் வைத்து மேலும் வேலை செய்துதான் 1895இல் காட்சிக்கு வைத்தார். கண் முன்னால் பார்த்ததை ஞாபகத்தாலும், பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டும் திருத்தியிருக்கிறார்.

நடுவில் நடப்பதை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு படங்களைப் படியுங்கள். பிக்காஸோவின் குவெர்னிகா ஒன்று. ஸ்பெயின் குடியரசு அரசு பாரிஸ் பொருட்காட்சிக்காக 1937 தொடக்கத்திலேயே அவரிடம் ஒரு பெரிய சுவர்ப்படம் கேட்டிருந்தது. மாதக்கணக்கில் அவருக்கு விஷயம் பிடிபடவில்லை. ஏப்ரல் 26 அன்று குவெர்னிகா ஊரின்மேல் குண்டு விழுந்தது. மே 1 அன்று முதல் கோட்டுப்படங்கள். ஜூன் தொடக்கத்தில் 7 மீட்டருக்கு மேல் நீளமான அந்தப் படம் முடிந்தது. நடுவில் அவருடைய தோழியும் புகைப்படக் கலைஞருமான டோரா மார் எடுத்த புகைப்படங்களும், தேதி போட்ட ஆயத்தப் படங்களும் கிடைக்கின்றன. ஆரம்ப நிலைகளில் மேலே உயர்ந்து நின்ற, இறுக்கி மூடிய ஒரு முஷ்டி பின்னால் காணாமல் போவதைப் பார்க்கலாம். வலுவான, எல்லோருக்கும் புரியும் சின்னம் அது. அதை அவர் எடுத்துவிட்டார். செய்தி அதிர்ச்சி தந்தது உண்மை, ஆனால் படம் ஆனது அந்த ஐந்து வார வேலையில். இன்னொன்று பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1935இல் தீட்டிய படுத்திருக்கும் பெண். வேலை நடக்க நடக்க எடுத்த 22 புகைப்படங்கள் இருக்கின்றன. உடலும் கையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெட்டிய தாள்களைக் கேன்வாஸ்மேல் குத்தி வைத்துப் பார்த்து, பிறகுதான் வண்ணம் தொட்டிருக்கிறார். முடிந்த படத்தைப் பார்த்தால் ஒரே மூச்சில் போட்டது போல இருக்கும்.

இதையே நம் ஊர் பேனர் ஆர்ட்டிஸ்டுகள் வேறு விதத்தில் செய்தார்கள். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த சினிமா ஊர் சேலம். பிளெக்ஸ் வரும் முன் தியேட்டர் வாசலில் நின்ற ஆளுயரத்துக்கும் பெரிய முகங்கள் எல்லாம் கையால் தீட்டியவை. சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக மாற்றுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் கன்னத்தில் ரோஸும் நீலமும் பச்சையும் வெட்டு வெட்டாக இருக்கும். சாலைக்கு எதிர்ப்பக்கம் போனால் முகம் கூடிவிடும். தூரத்திலிருந்து எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்தில் நின்றே மனதில் வைத்திருக்கும் திறமை அது. எம்.எஃப். ஹுசைனும் பம்பாயில் சினிமா பேனர் தீட்டி வளர்ந்தவர்தான். நம் ஊரில் அந்த வேலை செய்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கட்டம் போடுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பேட்டியையும் விட உபயோகமாக இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: உள்ளங்கை அளவில், பென்சிலால், வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே பூச்சில் சின்னப் படங்கள் நிறையப் போடுங்கள். அவற்றில் தூரத்தில் வைத்தும் பிடித்திருப்பது எதுவோ அதைப் பெரிதாக்குங்கள். நடுவில் கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். மலை, மரம் என்ற பெயர்கள் கழன்று வடிவங்கள் மட்டும் நிற்கும்போது எந்த இடம் கனக்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். போனுக்கு நான் தரும் நல்ல வேலை அது.

சென்னைக்குப் போகத்தான் வேண்டுமா? உண்மையைச் சொன்னால், அங்கே சில காரியங்கள் இருக்கின்றன. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் அரசு கல்லூரி உண்டு. கூடப் படிப்பவர்களின் கண்ணில் உங்கள் படம் படுவது பெரிய கல்வி, அதை வீட்டில் தனியாகப் பெற முடியாது. அசலைப் பார்ப்பதும் அப்படித்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் அசல்கள் இருக்கின்றன. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் தென்னிந்திய நவீன ஓவியத்தை ஒரே இடத்தில் பார்க்கலாம். பணிக்கரிடம் எனக்குப் பிடித்தது, ஐம்பதைத் தாண்டிய வயதில், 1963 வாக்கில், அதுவரை பெயர் வாங்கித் தந்த பாணியை விட்டுவிட்டு எழுத்து, கணக்குக் குறி, ஜாதகக் கட்டம் போன்றவற்றுக்குப் போனது. அவை எல்லாம் எந்த வீட்டுப் பரணிலும் கிடைக்கிற பொருள்கள்.

போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் வரைய விஷயம் அங்கே இருக்கிறது என்று குடிபெயர வேண்டாம். பழைய சேலம் மாவட்டத்து மண்ணே ஓவியரைத் தந்த மண். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை கவிஞராகப் பெயர் எடுக்கும் முன்பே உருவப்படம் தீட்டும் ஓவியர். கோயில் சிற்பங்களை நேரில் உட்கார்ந்து வரைந்து ஆனந்த விகடனில் தமிழ்நாட்டுக்கே காட்டிய சில்பி, நாமக்கல்லில் பிறந்தவர். சில்பி செய்ததில் ஒரு துளி செய்ய ஆசைப்பட்டால் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே தூணில் பாயும் குதிரையை வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும் நேரத்தில் வரையுங்கள். கல்லின் பளு கோட்டில் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியின் மொராந்தி வாழ்நாளின் பெரும்பகுதியைப் போலோஞா நகரில் சகோதரிகளோடு ஒரு வீட்டில் கழித்து, மேசைமேல் இருந்த புட்டிகளையும் டப்பாக்களையும் இடம் மாற்றி மாற்றி வைத்தே 20ஆம் நூற்றாண்டின் பெரிய ஓவியர்களில் ஒருவரானார். அவருடைய வெள்ளைப் புட்டிகளை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், உங்கள் வெள்ளைக் கணக்குக்கு உதவும்.

கடைசியாக அந்தக் கண்காட்சிக் குறிப்பு. ஆன்மா, பிரபஞ்சம், அக உலகம் என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். எங்கே நின்றீர்கள், எந்த மாதம், எந்த நேரம், என்ன பார்க்க முயன்றீர்கள், எதை எடுத்துவிட்டீர்கள், இவ்வளவு போதும். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: "சேலத்தில் சேகோ களங்களை மார்கழிக் காலைகளில் வரைந்தேன். வெள்ளைத் தரையிலிருந்து மேலே எழும் வெளிச்சம் வேலை செய்பவரின் முகத்தில் எங்கே படுகிறது என்று பார்ப்பதே நோக்கம். முதலில் பின்னணியில் ஆலைக் கட்டடமும் மரங்களும் இருந்தன. வெளிச்சத்துக்கு அவை இடைஞ்சலாக இருந்ததால் நீக்கினேன். தாளின் வெள்ளையைத் தவிர வேறு வெள்ளை பயன்படுத்தவில்லை." இதைப் படித்துவிட்டுப் படத்தின் முன் நிற்பவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியும். உங்கள் படத்துக்கு உண்மையாக நடந்தது எதுவோ அதை இந்த அளவில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் கேட்டிருந்தாலும் தமிழில் எழுதி முடித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். கீழே படத்தின் தலைப்பு, ஆண்டு, எந்த வண்ணம், எந்தத் தாள், உயரம், அகலம் இத்தனையும் சென்டிமீட்டரில் சரியாக இருக்கட்டும், உயரம்தான் முதலில் வர வேண்டும்.